நெஞ்சு படபடக்கும்போது நாடி என்ன சொல்கிறது?



நாற்பது வயதைத் தாண்டியதும் நம்மில் பலருக்கு இரண்டு விதமான பயம் வந்துவிடுகிறது. உடம்பு பெருத்துக்கொண்டே போகிறதே என்பது ஒன்று. அதைக் குறைக்கலாம் என்று நாலு எட்டு ஓடினால் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, ஏதாவது ஆகிவிடுமோ என்பது மற்றொன்று. முதல் பயம் வந்தவர்கள் திடீரென்று ஒரு நாள் திடலில் இறங்கி இளவட்டங்களோடு பந்து உதைக்கிறார்கள். இரண்டாவது பயம் வந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. இரண்டு வழியிலும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழியும் இருக்கிறது. அந்த வழியைக் காட்டும் கருவி நம் மணிக்கட்டிலேயே துடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை பேசப்போகிறோம்.

சிங்கப்பூருக்கு வந்து போகிறவர்களுக்கு ஜாலான் புசார் தெரிந்திருக்கும். மலாய்ச் சொல்லுக்குப் பொருள் ‘பெரிய சாலை’. சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். அங்கே டிர்விட் ரோட்டில் இருக்கும் ஜாலான் புசார் விளையாட்டரங்கு 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. மலாயாக் கிண்ணப் பந்தாட்டங்களைப் பார்க்கத் தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் போன காலம் ஒன்று உண்டு. பழைய அரங்கை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டி, செயற்கைப் புல்தரை போட்டு 2003 இல் மறுபடியும் திறந்தார்கள். அந்த வட்டாரத்தின் இன்னொரு பக்கத்தில், ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க். வேலை முடிந்த பிறகு மாலை வேளையில் இந்தப் பக்கமெல்லாம் நடுத்தர வயதுக்காரர்கள் நடப்பதையும் ஓடுவதையும் பந்து விளையாடுவதையும் பார்க்கலாம். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்குத் தம் நாடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று தெரியும்? சம்பளக் கணக்கு, கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் இருக்கும். நாடிக் கணக்கு மட்டும் இருக்காது.

இதயம் செய்யும் வேலை

இதயம் என்பது நம் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப் பம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறைக்குள் அது துடிக்கும். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. பிரட்டு இல்லை, ஓய்வு நாள் இல்லை, பெருநாள் விடுமுறையும் இல்லை.

நாம் ஓடத் தொடங்கியதும் கால் தசைகள் அதிகப் பிராணவாயு கேட்கின்றன. பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போவது ரத்தம். அதனால் இதயம் வேகமாகவும் அடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் சற்றுக் கூடுதலாகவும் ரத்தத்தைத் தள்ளுகிறது. கடினமாக உழைக்கும்போது சாதாரண ஆளுக்கே நிமிடத்துக்கு 15 லிட்டர், 20 லிட்டர் என்று ரத்த ஓட்டம் கூடிவிடும். ஆகவே ஓடும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது நோய் அல்ல. இதயம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். அதுவரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு பயம் எங்கே வருகிறது? இதயமும் ஒரு தசைதான். அதற்கும் ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் இதயத்தின் மேலே படர்ந்திருக்கும் சிறு குழாய்கள் வழியாகப் போகிறது. அதிலும் பெரும்பகுதி, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்து இளைப்பாறும் நேரத்தில்தான் போகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் முக்கால் விநாடிக்கு மேல் நேரம் கிடைக்கிறது. 160 துடிப்பு என்றால் அரை விநாடிகூடக் கிடைப்பதில்லை. இளைப்பாறும் நேரம் சுருங்கிவிடுகிறது. குழாய்கள் சுத்தமாக இருந்தால் இதனால் தொந்தரவு இல்லை. உள்ளே கொழுப்புப் படிந்து குழாய் குறுகிப் போயிருந்தால், வேலை கூடிய நேரத்தில் இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய ரத்தம் கிடைக்காமல் போகும். அப்போதுதான் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாத ஆள், ஓடும்போது மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

நமக்கு ஏன் கூடுதல் அக்கறை வேண்டும்

இதை நம்மவர்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை டாக்டர் டி. ஜே. தனராஜ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். 1959 இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இதயக் குழாய் அடைப்பு நோய், சீனர்களைவிட இந்தியர்களுக்குப் பல மடங்கு அதிகமாக இருப்பதை அந்த ஆராய்ச்சி காட்டியது. இந்தியர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதை முதன்முதலில் எடுத்துக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்றாக இன்றும் உலக மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த டாக்டர் தனராஜ்தான் பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவராகவும் இருந்தவர்.

அதற்குப் பிறகு 52 நாடுகளில் நடத்தி 2004 இல் வெளியிட்ட ‘இண்டர்ஹார்ட்’ என்னும் பெரிய ஆராய்ச்சியும் இதே பக்கமாகத்தான் கையைக் காட்டியது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. காரணங்கள் என்ன? புகை பிடித்தல், ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, வயிற்றைச் சுற்றிச் சேரும் சதை, மனக் கவலை, பழம் காய்கறி போதாமை, உடற்பயிற்சி இன்மை. பெரும்பாலும் நம்மால் மாற்றிக்கொள்ளக் கூடியவைதாம். தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் ‘எனக்கென்ன, ஐம்பதுதானே ஆகிறது’ என்று நம்மவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

நாடியை எண்ணுவது எப்படி

இடது உள்ளங்கையை மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரமாக, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். கட்டைவிரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குத் தவறிவிடும். துடிப்புத் தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் நாடி. சித்த வைத்தியர் கைபிடித்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது வேறு கலை. இது வெறும் எண்ணிக்கை; பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யலாம்.

காலையில் விழித்து எழுந்தவுடன், கோப்பி குடிப்பதற்கு முன்னால் எண்ணுவது ஓய்வு நாடி. இரண்டு மூன்று நாள் எண்ணி நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஓடும்போது எண்ண முடியாது. ஆகவே நின்றவுடன், தாமதிக்காமல் 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். அரை நிமிடம் தாமதித்தாலே எண்ணிக்கை இறங்கிவிடும்.

இப்போதெல்லாம் கைக்கடிகாரமே நாடியைக் காட்டிவிடுகிறது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் பட்டை தளர்ந்திருந்தாலோ, கையை அதிகம் ஆட்டினாலோ அது தப்பாகக் காட்டுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் விரலை வைத்து எண்ணிப் பாருங்கள்.

எத்தனை வரைக்கும் போகலாம்

இதயம் ஒரு நிமிடத்துக்கு இத்தனை முறைக்கு மேல் துடிக்க முடியாது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சம் உண்டு. வயது ஏற ஏற அந்த உச்சம் இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவுதான் பயிற்சி செய்தாலும் இந்த இறக்கத்தை நிறுத்த முடியாது. உச்சத்தைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லும் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது: 220 இலிருந்து வயதைக் கழித்துவிடுங்கள். 40 வயதுக்காரருக்கு 180. 50 வயதுக்காரருக்கு 170. 60 வயதுக்காரருக்கு 160.

இந்தக் கணக்கு 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் பல பழைய ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001 இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இதைத் திருத்தினார்கள். வயதை 0.7 ஆல் பெருக்கி, அதை 208 இலிருந்து கழிக்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் 40 வயதில் இரண்டு கணக்கும் 180 என்று ஒத்துப்போகின்றன. 60 வயதில் புதுக் கணக்கு 166 என்று சற்றுக் கூட்டிக் காட்டுகிறது. எந்தக் கணக்கைப் போட்டாலும் இவை சராசரிதான். ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குப் பத்து, பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். செருப்புக் கடையில் வயதைச் சொல்லியா செருப்பு வாங்குகிறோம்? போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம். இதுவும் அப்படித்தான். கணக்கு ஒரு வழிகாட்டி. முடிவு சொல்ல வேண்டியது உங்கள் உடம்பு.

உச்சத்தில் ஏறக்குறைய 64 முதல் 76 விழுக்காடு வரை நாடி போனால் அது மிதமான பயிற்சி. 77 முதல் 93 விழுக்காடு வரை போனால் கடுமையான பயிற்சி. ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உச்சம் 170. மிதமான பயிற்சிக்கு அவர் நாடி 109 முதல் 129 வரை இருக்க வேண்டும். 131 ஐத் தாண்டினால் கடுமையான பயிற்சிக்குள் நுழைந்துவிட்டார். 158 ஐத் தாண்டினால் அவர் நிற்கும் இடம் உச்சத்துக்குப் பக்கம். பழக்கமில்லாதவர் அங்கே நெடுநேரம் நிற்கக் கூடாது.

கணக்குப் போட வராதவர்களுக்கு வாய்ப் பேச்சே போதும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையான பயிற்சி. ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடியை ஏற விடாமல் பிடித்து வைக்கும். ‘பீட்டா பிளாக்கர்’ என்பார்கள். அதைச் சாப்பிடுபவர் 130 வரவில்லையே என்று மேலும் மேலும் ஓடக் கூடாது. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். ஒரே வேகத்தில் ஓடினாலும், வியர்வை கொட்டக் கொட்ட நாடி மெல்ல ஏறிக்கொண்டே போகும். உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்துக்கு இரட்டை வேலை. அதனால் காலை இளவெயிலிலோ, மாலை வெயில் தாழ்ந்த பிறகோ பயிற்சி செய்யுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

‘அந்தக் காலத்தில் நான் ஏறாத மலையா!’

இப்படிச் சொல்லாத தோட்டத்துப் பெரியவர் யார்? விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய உடம்புகள் அவை. அந்த உழைப்பு இதயத்துக்கு நல்லதுதான் செய்தது. அதில் சந்தேகமில்லை.

லண்டனில் டாக்டர் ஜெரமி மாரிஸ் 1953 இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அங்கே ஓடும் இரட்டை மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதை உலகம் புரிந்துகொண்டதற்கு அந்தப் படிக்கட்டுகள் ஒரு பெரிய காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பலன் உழைக்கும் காலத்துக்குத்தான். உடம்பின் பலம் போஸ்டாபீஸ் சேமிப்புப் போல வட்டியோடு காத்திருக்காது. உழைப்பை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, அடுக்குமாடி வீட்டில் லிஃப்டில் ஏறி இறங்கி, காவல் வேலையிலோ கடையிலோ பத்து வருடம் உட்கார்ந்திருந்த உடம்பு, மரம் வெட்டிய அதே உடம்பு அல்ல. மனம் இருபத்தைந்தில் நிற்கிறது. இதயக் குழாய் ஐம்பத்தைந்தில் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது.

1993 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இதைத் தெளிவாகச் சொன்னது. கடும் உழைப்பில் இறங்கிய நேரத்திலும் அடுத்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்புக் கூடுகிறது. வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல் பயிற்சி செய்பவருக்கு அது இரண்டரை மடங்குக்குள் நின்றுவிடுகிறது. பயிற்சியே செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இறங்குபவருக்கோ நூறு மடங்கைத் தாண்டுகிறது. எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எந்த ஒரு மணி நேரத்தை எடுத்தாலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. ஆனால் பாடம் தெளிவு. ஆபத்து ஓட்டத்தில் இல்லை, ‘திடீர்’ என்பதில் இருக்கிறது.

ஓட்டமே காப்பாற்றிவிடாது

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் பருமனாக இருந்து, சிகரெட்டும் நிறையப் பிடித்தவர். முப்பத்தைந்து வயதுவாக்கில் ஓடத் தொடங்கினார். உடம்பும் இளைத்தது, சிகரெட்டும் போனது. ஓட்டத்தைப் பற்றி 1977 இல் அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதே ஃபிக்ஸ் 1984 ஜூலை 20 அன்று ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 52. பரிசோதித்துப் பார்த்தபோது அவருடைய இதயக் குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது தெரிந்தது. அவருடைய தகப்பனாரும் நாற்பத்து மூன்று வயதிலேயே இதய நோயால் இறந்தவர்.

‘பார்த்தீர்களா, ஓடினால் செத்துப்போவார்கள்’ என்று இதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. அது சரியல்ல. தகப்பனைவிட ஒன்பது வருடம் கூடுதலாக அவர் வாழ்ந்தார். ஆனால் ஓடுகிறேனே, எனக்கு எதற்கு டாக்டர் என்று ஒருவரும் நினைக்கக் கூடாது. குடும்பத்தில் தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னும், தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ 65 வயதுக்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால், அந்தச் செய்தியை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

மெதுவாக நடப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் ஓட்டம், பந்தாட்டம், பூப்பந்து போன்ற கடுமையான பயிற்சியில் இறங்குவதற்கு முன்னால் சிலர் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், படியேறினால் நெஞ்சு இறுகுபவர்கள், மயங்கி விழுந்தவர்கள், நாடி ஒழுங்கில்லாமல் ஒன்று விட்டு ஒன்று அடிப்பதாக உணர்பவர்கள். சிங்கப்பூரில் பாலிகிளினிக், மலேசியாவில் அரசாங்க கிளினிக், எங்கே வசதியோ அங்கே போங்கள். தேவை என்று டாக்டர் நினைத்தால் ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தின் ஓட்டத்தைப் படம் பிடிப்பார். அப்போது நாடி எவ்வளவு ஏறுகிறது, நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதையும் பார்ப்பார்.

இறங்குவதும் முக்கியம். பயிற்சியின் உச்சத்தில் எண்ணிய நாடியையும், ஒரு நிமிடம் கழித்து எண்ணிய நாடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல இதயம் சட்டென்று இறங்கும். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு துடிப்புகூட இறங்காவிட்டால் அதை டாக்டரிடம் சொல்வது நல்லது. வாரங்கள் போகப் போக இறக்கம் கூடினால், உங்கள் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். ஓய்வு நாடியும் மெல்லக் குறையும். 78 ஆக இருந்தது 70 ஆகிவிட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் முடித்துவிடுகிறது.

எப்படித் தொடங்குவது

முதல் நான்கு வாரம் நடை மட்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. நாடி மிதமான எல்லைக்குள் இருக்கட்டும். அடுத்த நான்கு வாரத்தில், ஐந்து நிமிட நடைக்கு நடுவே ஒரு நிமிடம் மெல்லோட்டம் சேருங்கள். பிறகு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடம் கடுமையான பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. இரண்டையும் கலந்தும் செய்யலாம்.

தொடங்கும்போது பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். முடிக்கும்போது திடீரென்று நிற்காதீர்கள். ஓடும்போது கால்களுக்குப் போன ரத்தம், கால் அசைவு நின்றதும் அங்கேயே தேங்கித் தலை சுற்றும். ஐந்து பத்து நிமிடம் நடந்தபடியே ஆறவிடுங்கள். காய்ச்சலோ கடும் சளியோ இருக்கும் நாளில் ஓட வேண்டாம்.

பந்தாட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். நடையிலும் மெல்லோட்டத்திலும் வேகம் நம் கையில். பந்தாட்டத்தில் வேகம் பந்தின் கையில்! எதிராளி ஓடினால் நாமும் ஓடுவோம்; நாடி 160 ஐத் தாண்டியது யாருக்கும் தெரியாது. வாரம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் திடலில் இறங்குவது நல்லதல்ல. வார நாளில் மூன்று முறையாவது நடந்தவரே ஞாயிறு ஆட்டத்துக்குத் தகுதியானவர். மாற்று ஆளை வைத்துக்கொண்டு, களைத்ததும் வெளியே வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாயு என்று நினைத்துவிடாதீர்கள்

பயிற்சியின்போதோ பிறகோ நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல், கண் இருட்டுதல் — இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லித் தைலம் தேய்த்து, சுடுதண்ணீர் குடித்து, படுத்துப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்துவது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம். அந்த நேரம்தான் உயிர். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தாமதிக்காமல் கூப்பிடுங்கள். தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவே கூடாது. மூச்சுப் பேச்சில்லாமல் ஒருவர் விழுந்துவிட்டால், ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். பொது இடங்களில் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை இயக்கும் பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். நீங்கள் விளையாடும் இடத்தில் அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பெண்களுக்கு இதய நோய் வராது என்று நினைப்பவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது. பெண்களுக்கு நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல், அசாதாரணக் களைப்பு, மூச்சு வாங்கல், குமட்டல் என்றும் வரலாம். இனிப்பு நீர் உள்ள ஆண்களுக்கும் வலி தெரியாமலே மாரடைப்பு வருவதுண்டு. வீட்டு வேலையே போதும், தனியாக நடை எதற்கு என்று சொல்லும் தாய்மார்கள் ஒரு நாள் வேலை நடுவே நாடியை எண்ணிப் பாருங்கள். துணி துவைத்து, தரை தேய்க்கும்போது ஏறலாம். சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது ஏறாது. எவ்வளவு நேரம் ஏறியிருந்தது என்பதுதான் கணக்கு.

மெக்சிகோவில் 1968 ஒலிம்பிக்கில் நம் சிங்கப்பூர் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2001 வரை நின்றது. அதே மெக்சிகோவில் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடிய மலேசியாவின் ஜெகதீசன் ஒரு மருத்துவரும்கூட. அவர்களைப் போல ஓடச் சொல்லி உங்களை யாரும் கேட்கவில்லை. உங்களுடைய பந்தயம் பேரன் பேத்தி எடுப்பதற்கும், அவர்கள் பின்னால் நாலு அடி ஓடுவதற்கும்தான்.

ஆகவே இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேர் நாடியையும் உட்கார வைத்து எண்ணிப் பாருங்கள். அப்பாவுடையது, அம்மாவுடையது, பெரியப்பாவுடையது. பிள்ளைகளே எண்ணிக் கணக்குப் போடட்டும். 100 ஐத் தாண்டி யாருக்காவது தொடர்ந்து இருந்தாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, இந்த வாரமே அவரை கிளினிக்குக் கூட்டிப் போங்கள். மற்றவர்கள் நாளைக் காலை செருப்பை மாட்டிக்கொண்டு அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் இதே நாளில் மறுபடியும் எண்ணி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.